கருமைமேல் ஆறு வெண்புள்ளி

பாடலாத்ரி நரசிம்மரைச் சேவிக்க வருகிறவர்கள் ஒரு கணத்துக்காகக் காத்து நிற்பார்கள். அர்ச்சகர் பெருமாளின் நெற்றிக் காப்பை மெல்ல உயர்த்தி ஆரத்தித் தட்டை அருகே கொண்டுபோவார். அந்த வெளிச்சத்தில் மூன்றாவது கண் தெரியும். அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அதே திருமுகம்தான். ஆனாலும் இதுவரை கண்டது பாதிதான் என்று மனசு சொல்லும். ஊருக்கே சிங்கப்பெருமாள் கோவில் என்று பெயர் வரக் காரணமான இந்தப் பல்லவர் காலக் குடைவரையில், மூலவரை வலம்வர வேண்டுமானால் குன்றையே சுற்றி வர வேண்டும். அப்படிச் சுற்றுகிறவர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. இந்தப் பக்கத்துக் குன்றுகளின் அடிவாரத்தில், பாறைக்கும் புதருக்கும் நடுவே கிடக்கும் செம்மண்ணையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். அங்கேயும் வெளிச்சம் காட்டினால்தான் துலங்கும் அழகுகள் உண்டு.

தாம்பரம் தாண்டி, வண்டலூர் தொடங்கிச் செங்கல்பட்டு வரைக்கும் ஜி.எஸ்.டி. ரோட்டின் இருமருங்கிலும் புதர்க்காடு இன்னும் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. காரை, களா, சூரை, ஈச்சம்புதர், ஆங்காங்கே கள்ளி. கோடையில் காய்ந்து கிடக்கும். முதல் மழை விழுந்ததும் ஒரு வாரத்தில் பச்சை கட்டிவிடும். அந்தப் புதர்க்காட்டின் தரையில் நடமாடுகிற ஒரு பெருவண்டைப் பற்றித்தான் எழுத ஆசைப்படுகிறேன். நீளம் நாலு சென்டிமீட்டர் அளவில். நல்ல கறுப்பு. கறுப்பின்மேல் ஆறு வெண்புள்ளிகள்: மார்பின்மேல் ஒரு சோடி, முதுகில் முன்னே ஒரு சோடி, பின்னே ஒரு சோடி. தாயக்கட்டையில் குழித்து வைத்த புள்ளிகளைப் போல அவ்வளவு தெளிவாக, அவ்வளவு உருண்டையாக இருக்கும். அறிவியல் அதை ஆந்தியா செக்ஸ்குட்டாட்டா என்று அழைக்கிறது. தரை வண்டுகளின் குடும்பமான காரபிடேயைச் சேர்ந்தது. உலகம் முழுவதும் ஏறக்குறைய 40,000 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது.

முதலில் அந்தப் புள்ளியிலேயே கொஞ்ச நேரம் நிற்போம். தள்ளி நின்று பார்த்தால் யாரோ வெள்ளைச் சாயம் தொட்டு வைத்ததாகத் தோன்றும். லென்ஸ் வைத்துப் பாருங்கள். சாயம் ஒரு துளியும் இல்லை. ஒவ்வொரு புள்ளியும் நெருக்கமாகப் படிந்த வெண்மயிர்களின் ஒரு சிறு மெத்தை. கரிய ஓட்டின் கடினத்துக்கு நடுவே இப்படியொரு மென்மை எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஒளிக்கு என்பதுதான் விடை. அந்தி மங்கலிலும் நிலா வெளிச்சத்திலும் கறுப்பு மண்ணோடு கரைந்துவிட, வெண்மயிர்த் திட்டுகள் மட்டும் மின்னி நிற்கின்றன. 'இங்கே இருக்கிறேன், என்னைத் தொடாதே' என்று ஒரு சொல்லும் இல்லாமல் அறிவிக்கிற எழுத்து அது. வயதான வண்டுகளில் இந்த மயிர் தேய்ந்து புள்ளி மங்கியிருப்பதைக் காணலாம். புதருக்குள் எத்தனை முறை நுழைந்து வெளிவந்ததோ என்று அந்த மங்கலையும் ரசிக்கலாம்.

1775-ஆம் ஆண்டிலேயே ஐரோப்பா இந்த ஆறு புள்ளிகளை எண்ணிவிட்டது. லின்னேயஸின் மாணவரும் டேனிஷ்காரருமான ஜோஹான் கிறிஸ்டியன் பாப்ரீசியஸ் தம் முதல் பெரிய நூலில் இதற்குப் பெயரிட்டார். அந்த நூலின் பெருமை வேறொன்று. அதுவரை பூச்சிகளைச் சிறகு பார்த்தே பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாப்ரீசியஸ் வாயைப் பார்த்தார். தாடை எப்படி, உதடு எப்படி, வாயருகே தொங்கும் உணர்விரல்களின் கணுக்கள் எப்படி என்று கவனித்து, தின்னும் முறையே உறவைச் சொல்லும் என்று ஒரு முறையைக் கட்டினார். ஒரு பூச்சியின் வாய்க்குள் அவ்வளவு பொறுமையாக எட்டிப் பார்த்த மனிதர், நம் வண்டின் புள்ளிகளையும் எண்ணினார் என்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். அவர் இதைக் காராபஸ் என்ற பெரிய கூட்டத்துக்குள் வைத்திருந்தார். 1801-இல் வெபர் என்பவர் ஆந்தியா என்ற தனிப் பேரினத்தை வகுத்தார். அந்த வீட்டில்தான் இன்றுவரை நம் வண்டு குடியிருக்கிறது.

அந்த வீட்டின் கதவைத் திறந்தால் உள்ளே இருப்பது ஆப்பிரிக்கா.

ஆந்தியாவின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோர் கலஹாரியிலும் சஹாராவிலும் கிழக்கு ஆப்பிரிக்கப் புல்வெளிகளிலும் இருக்கிறார்கள். அங்கிருந்து அரேபியா, ஈரான், துர்க்மேனிஸ்தான் என்று வறண்ட நிலங்களின் வழியாகவே ஒரு நீண்ட வரிசை வருகிறது. அந்த வரிசையின் கிழக்குக் கோடியில் இந்தியா. இவர்கள் மழைக்காட்டை நாடுகிறவர்கள் அல்லர். முள்ளும் மணலும் வெயிலும்தான் சொத்து. செங்கல்பட்டுப் பக்கத்து மேட்டு நிலத்தை நாம் புறம்போக்கு என்று எழுதி வைத்திருக்கலாம். கலஹாரி வண்டின் தங்கைக்கு அது தாய்வீடு.

அந்த ஆப்பிரிக்கச் சுற்றத்தாரை ஒருவரோடொருவர் வைத்துப் பார்ப்பது ஒரு விருந்து. தென்னாப்பிரிக்காவின் ஆந்தியா தொராசிக்கா ஐந்து சென்டிமீட்டர் வரை வளரும் கம்பீரமான வண்டு. அதன் மார்பின் இரு பக்கங்களிலும் மஞ்சள் கலந்த வெண்மயிரில் நெய்த இரண்டு பெரிய நீள்வட்டங்கள். முதுகிலோ புள்ளி கிடையாது. ஆந்தியா மாக்சிலோசாவுக்குப் புள்ளி எங்கும் இல்லை. முழுக்க முழுக்கக் கறுப்பு, முன்னே நீண்ட கத்தரித் தாடைகள். சஹாராவின் ஆந்தியா செக்ஸ்மாக்குலாட்டாவும் பெயரிலேயே ஆறு திட்டுகளைச் சுமக்கிறது. ஒரே கறுப்புத் துணியில், ஒரே வெள்ளை நூலில், ஒவ்வொரு பாலைவனமும் தனக்கென ஒரு கோலம் போட்டுக்கொண்டிருக்கிறது.

ஆனால் கோலத்தை மட்டும் நம்பினால் உறவு விளங்காது. இங்கேதான் வகை பிரிக்கும் கலையின் அருமை தெரியும். ஆப்பிரிக்கத் தரை வண்டுகளையே வாழ்நாள் வேலையாகக் கொண்டிருந்த பெல்ஜிய அறிஞர் பியேர் பசிலெவ்ஸ்கி, ஆந்தியாக் கூட்டத்துக்குள்ளேயே தெர்மோபிலம் என்று ஒரு பிரிவைக் காட்டினார். எதை வைத்து? ஆணையும் பெண்ணையும் அருகருகே வைத்து. ஆந்தியாவில் ஆண் வண்டின் மார்பு பல இனங்களில் பின்பக்கம் மடல் மடலாக நீண்டு சிறகின்மேல் கவிகிறது. தாடைகளும் பெண்ணைவிடப் பெரிதாக நீள்கின்றன. தெர்மோபிலத்தில் இந்த அலங்காரம் இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே ஒடிசலான உருவம். தென்னாப்பிரிக்காவின் பத்துப் புள்ளி வண்டு இந்தப் பிரிவைச் சேர்ந்தது. தெர்மோபிலத்தைத் தனிப் பேரினமாக வைப்பவர்களும் உண்டு, ஆந்தியாவின் உட்பிரிவாக வைப்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் தீர்ப்பு சாய்ந்தாலும், அந்த ஒரு மடலின் வளைவை அவ்வளவு கூர்ந்து பார்த்த கண்ணுக்கு என் வணக்கம் உண்டு.

இதே குலத்தில் சிஃபலோபா என்று ஒரு கூட்டம். அவற்றின் முதுகைப் பார்த்தால் சிற்பி உளியெடுத்துச் செதுக்கினாரோ என்று ஐயம் வரும். நீளவாக்கில் உயர்ந்த வரம்புகள். வரம்புகளுக்கு நடுவே வரிசை வரிசையாகக் குழிகள். நம் ஆறு புள்ளி வண்டின் முதுகு மழமழவென்று அமைதியாக இருப்பதன் அழகு, அந்தக் குழிமுதுகைப் பார்த்த பிறகு இன்னும் கூடுகிறது. எக்கோப்டோப்டெரா என்று இன்னொன்று. மார்பு மட்டும் செம்பு நிறம், உடல் கறுப்பு, மேலே வெண்புள்ளி. பார்த்தால் வண்டென்றே தோன்றாது. சிறகில்லாமல் தரையில் ஓடும் மயிர்க்குளவிப் பெண்ணின் அச்சு அசல் சாயல். அந்தக் குளவியின் கொடுக்கு கொடியது. அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு இந்த வண்டு பயமில்லாமல் நடக்கிறது.

சட்டை கடன் கொடுப்பதும் உண்டு. ஆந்தியாக் குலம் ஆபத்து வந்தால் வயிற்று நுனியிலிருந்து ஃபார்மிக் அமிலம் கலந்த காரநீரைப் பீய்ச்சும். கண்ணில் பட்டால் மனிதரையே துடிக்க வைக்கும். ஒருமுறை சுவைத்த பறவையும் நரியும் கறுப்பு வெள்ளையைக் கண்டாலே விலகிப்போகும். இந்த மரியாதையில் பங்கு கேட்டு ஒரு பல்லிக்குஞ்சு வருகிறது. கலஹாரியில் வாழும் ஹெலியோபோலஸ் லுகுப்ரிஸ் என்ற ஓணானைப் போன்ற பல்லியின் குஞ்சுகள் கரிய உடலும் வெண்கோடுகளுமாகப் பிறக்கின்றன. முதுகை வில்லாக வளைத்து, காலை விறைப்பாக வைத்து, வண்டு நடப்பது போலவே நடக்கின்றன. வாலின் நிறம் மட்டும் மணலோடு ஒன்றிவிடும், வால் இருப்பதே தெரியாதபடி. வளர்ந்து உருவம் பெரிதானதும் கறுப்புச் சட்டையைக் கழற்றிவிட்டு, மணல் நிறத்துக்கு மாறி, சாதாரணப் பல்லியாக ஓடத் தொடங்கும். ரேமண்ட் ஹ்யூவும் எரிக் பியாங்காவும் 1977-இல் இதை எழுதினார்கள். முதுகெலும்புள்ள ஒரு குட்டி, முதுகெலும்பே இல்லாத ஒரு வண்டின் நடையைப் பழகிக்கொண்டு பிழைக்கிறது. வண்டின் நடைக்குக் கிடைத்த பாராட்டுகளில் இதைவிடப் பெரிதாக ஒன்றை என்னால் நினைக்க முடியவில்லை.

நம் ஊரிலும் அந்தப் பாராட்டு உண்டு. தென்னிந்தியப் புதர்க்காடுகளில், சருகுக்கு அடியில், ஏழு புள்ளிக் கரப்பான் ஒன்று வாழ்கிறது. தெரியா பெட்டிவெரியானா. உருண்டையான கரிய உடல், பெரிய பெரிய வெண்புள்ளிகள். ஆறு புள்ளி வண்டின் வேடத்தைத்தான் இது கட்டியிருக்கிறது என்பது பூச்சியியலாளர் பலரின் எண்ணம். லின்னேயஸே இதை வண்டு என்று எண்ணி, 1758-இல் ஆமை வண்டுகளோடு சேர்த்துப் பெயரிட்டார். இனத்தின் பெயரில் இருப்பவர் ஜேம்ஸ் பெட்டிவர். லண்டனில் மருந்துக்கடை வைத்திருந்தவர், மதராஸ் புனித ஜார்ஜ் கோட்டையில் இருந்த மருத்துவர்கள் அனுப்பிய செடிகளையும் பூச்சிகளையும் ஆசையாகச் சேர்த்தவர். நம் மண்ணின் ஒரு கரப்பான் இப்படி முன்னூறு ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த ஒரு லண்டன் மருந்துக்கடைக்காரரின் பெயரைச் சுமந்துகொண்டு சருகுக்குள் ஊர்கிறது.

இரண்டையும் எப்படிப் பிரிப்பது? ஆறா ஏழா என்று எண்ணுவது ஒரு வழி. அதைவிட நயமான வழி முதுகின் நடுவைப் பார்ப்பது. வண்டின் மேல்சிறகுகள் இரண்டும் நடுக்கோட்டில் விளிம்போடு விளிம்பு பொருந்தி நிற்கும். தச்சர் நூல்பிடித்து இழைத்த மாதிரி ஒரே நேர்க்கோடு. கரப்பானின் சிறகுகள் ஒன்றன்மேல் ஒன்று கவிந்து படியும். அதனால்தான் அதன் புள்ளிகள் ஒற்றைப்படையில் வருகின்றன. சோடி சேராத ஒரு புள்ளி எப்போதும் தனித்து நிற்கும். வேடம் எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் சிறகு மடிப்பு பிறப்பைச் சொல்லிவிடுகிறது.

அந்த நேர்க்கோட்டில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆந்தியாவின் மேல்சிறகுகள் வெறுமனே பொருந்தவில்லை, ஒட்டியே போய்விட்டன. கீழே பறக்கும் சிறகு இல்லை. வறண்ட நிலத்தில் உடலின் ஈரத்தை மூடிக் காக்க இந்தப் பூட்டிய ஓடு உதவுகிறது. பறத்தலைக் கொடுத்துவிட்டு இந்த வண்டு வாங்கிக்கொண்டது நடையை. அந்த நடையைப் பார்க்க வேண்டும். நீண்ட கால்கள் உடலைத் தரையிலிருந்து உயர்த்திப் பிடிக்க, அவசரமும் தயக்கமும் இல்லாமல், தனக்கு யாரும் வழிவிட வேண்டியதில்லை என்ற நிச்சயத்தோடு வருகிற நடை.

காலைச் சொன்னேன், அதன் நுணுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே புதர்க்காட்டில் கறுப்பாக, மெதுவாக நகரும் வேறு வண்டுகளும் உண்டு, டெனிப்ரியோனிடே குடும்பம். மேலோட்டமாகப் பார்த்தால் தரை வண்டென்றே தோன்றும். பாதத்தின் கணுக்களை எண்ணுங்கள். தரை வண்டுக்கு ஆறு கால்களிலும் ஐந்தைந்து கணு. அந்தக் குடும்பத்துக்கு முன்கால்களிலும் நடுக்கால்களிலும் ஐந்து, பின்கால்களில் நான்கு. ஒரே ஒரு கணுவில் இரண்டு பெருங்குடும்பங்கள் பிரிகின்றன. தரை வண்டுகளிலோ ஆணின் முன்பாதம் பல இனங்களில் அகன்று, அடியில் ஒட்டும் தன்மையுள்ள மயிர்கள் அடர்ந்திருக்கும். பெண்ணைப் பற்றிக்கொள்வதற்காக அமைந்த மென்மை அது.

என் மனம் அதிகமாகக் கவிந்தது பின்காலின் அடிப்பகுதியில். வண்டை மல்லாத்திப் பார்த்தால்தான் தெரியும். பின்தொடை தொடங்கும் இடத்தில் முட்டை வடிவில் ஒரு திரட்சி புடைத்திருக்கும். பிற வண்டுகளில் கண்ணுக்கே படாத சிறு துண்டு இது. தரை வண்டுகளில் இவ்வளவு பெரிதாக வளர்ந்து, குடும்பத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. கல்லுக்கும் மண்ணுக்கும் இடையில் ஆப்பு நுழைவது போல் தலையைச் செருகி, பின்கால்களால் உந்தி, கல்லையே மேலே நெம்பி வழி உண்டாக்கும் வலிமையோடு தொடர்புடைய அமைப்பு அது. நாம் மேலே பார்த்து வியக்கும் கம்பீர நடைக்கான சூட்சுமம் அடியில், யாரும் பார்க்காத இடத்தில் இருக்கிறது.

முன்காலில் ஒரு சீப்பு இருப்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. முழங்காலுக்குக் கீழே உட்புறத்தில் ஒரு வெட்டு. வெட்டுக்குள் வரிசையாக நுண்மயிர். வண்டு தன் நீண்ட உணர்கொம்பை அந்த வெட்டுக்குள் வைத்து ஒரு முறை இழுக்கும். தூசு போய்விடும். இருட்டில் வாழும் உயிருக்கு உணர்கொம்பே கண், அதைத் துடைக்கும் கைக்குட்டையை இயற்கை காலிலேயே தைத்துக் கொடுத்திருக்கிறது. இந்தச் சீப்பு இருக்கும் இடத்தை வைத்தும் கூட்டங்களைப் பிரிப்பார்கள். கம்பளிப்புழு வேட்டைக்காரனான கலோசோமாவில் அது காலின் நுனியருகே மேலோட்டமாக இருக்கும். ஆந்தியாவிலும் இன்னும் பல கூட்டங்களிலும் மேலேறி, ஆழமான வெட்டாகிவிட்டிருக்கும். தலைவாரிக்கொள்ளும் பாங்கிலேயே பரம்பரை தெரிகிறது.

மழைக்காலத்தில் ஏரிக்கரைப் பக்கம் போனால் வேறு கூட்டங்கள் காத்திருக்கின்றன. கொளவாய் ஏரியின் விளிம்பைப் போன்ற ஈர நிலங்களில் கல்லைப் புரட்டினால், பச்சையும் செம்பும் மினுங்கும் தலையோடு, பட்டுப்போன்ற மென்மயிர் போர்த்திய சிறகோடு க்ளேனியஸ் வண்டுகள் ஓடும். இவற்றை மூக்காலும் இனம் காணலாம். கையில் எடுத்தால் பினாயில் வாடை அடிக்கும். கிரெசால் என்ற பொருளைச் சுரப்பதால் வரும் வாடை. மஞ்சளும் கறுப்பும் கலந்த பெரோப்சோஃபஸ் என்ற வெடிவண்டோ, தொட்டால் 'டப்' என்று வெடித்துப் புகையே விடும். ஹைட்ரோகுவினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் ஒரு பையில் சேமித்து வைத்திருந்து, வேண்டும்போது என்சைம்கள் உள்ள இன்னொரு அறைக்குத் தள்ளி, ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் பீய்ச்சுகிறது. இதன் ஆப்பிரிக்கச் சகோதர இனத்தை வைத்து தாமஸ் ஐஸ்னரும் அவர் தோழர்களும் 1990-இல் செய்த ஆய்வு, அந்தப் பீய்ச்சல் ஒரே தாரை அல்ல, நொடிக்குச் சுமார் 500 துடிப்புகள் என்று காட்டியது. நம் காதில் ஒரே 'டப்'பாக விழுவதற்குள் எத்தனை துடிப்புகள்!

இவ்வளவு ஆரவாரம் செய்கிற வெடிவண்டை, செத்துப் பெட்டிக்குள் குத்தி வைத்த பிறகு எப்படி இனம் காண்பார்கள் தெரியுமா? வயிற்றுத் தகடுகளை எண்ணுவார்கள். மற்றத் தரை வண்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் ஆறு தகடுகள் தெரியும். வெடிவண்டுப் பெண்ணுக்கு ஏழு, ஆணுக்கு எட்டு. வெடிக்கும் வயிற்றைச் சுழற்றிக் குறிபார்க்க வேண்டியிருப்பதால்தானோ என்னவோ, சிறகும் பின்னால் நேராக வெட்டியதுபோல் குட்டையாக நிற்கிறது.

புலி வண்டுகளையும் சொல்ல வேண்டும். வயல் வரப்பில், மணல் திட்டில், வெயிலில் விர்ரென்று ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடும் பெரிய கண்ணழகர்கள். இவர்களிலும் ஆறு புள்ளி கொண்டவர் உண்டு; நெல்வயல்களில் திரியும் செக்ஸ்பங்டாட்டா, அதற்கும் பெயரிட்டவர் பாப்ரீசியஸ்தான். ஓட்டத்தின் வேகத்தில் இரை கண்ணுக்குக் கலங்கிப்போவதால்தான் அப்படி நின்று நின்று ஓடுகிறார்கள். புலி வண்டு தரை வண்டின் குடும்பத்துக்குள் ஒரு கிளையா, பக்கத்து வீடா என்ற விவாதம் நெடுங்காலமாக நடக்கிறது. அண்மை ஆய்வுகள் தனிக் குடும்பம் என்கின்றன. பார்வைக்கு எளிய அடையாளம் உணர்கொம்பு முளைக்கும் இடம். தரை வண்டுக்கு அது பக்கவாட்டில், கண்ணுக்கும் தாடைக்கும் நடுவே முளைக்கும். புலி வண்டுக்கு நெற்றிமேல் முளைக்கும். நெற்றியைப் பார்த்துப் பிறப்பறிவது சிங்கப்பெருமாள் ஊர்க்காரர்களுக்குப் புதிதில்லை.

எல்லாவற்றிலும் சிறியது ஒன்று இருக்கிறது. கண்ணுக்கு மேலே, புருவம் இருக்க வேண்டிய இடத்தில், ஒற்றை மயிர். ஹார்பாலஸ் கூட்டத்துக்கு ஒவ்வொரு கண்ணின் மேலும் ஒன்று. வேறு பல கூட்டங்களுக்கு இரண்டு. இந்த உணர்மயிரை எண்ணியே நூல்களில் பல கிளைகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. பழைய மாதிரிகளில் மயிர் உதிர்ந்துபோயிருக்கும். அப்போது அது முளைத்திருந்த துளையைத் தேடுவார்கள். இல்லாத மயிருக்கு அது இருந்த இடத்தைச் சாட்சியாக வைக்கும் அந்த நுட்பத்தை நினைத்தால் நெஞ்சு நெகிழ்கிறது.

இந்தியத் தரை வண்டுகளுக்கு அப்படிச் சாட்சி தேடியவர் ஹெர்பர்ட் எட்வர்ட் ஆண்ட்ரூஸ். இந்திய வனத்துறையில் வேலை பார்த்து, ஊர் திரும்பிய பிறகும் இந்த நாட்டு வண்டுகளை விடாதவர். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் வரிசையில் 1929-இலும் 1935-இலும் இரண்டு தொகுதிகள், நடுவே 1930-இல் ஒரு பட்டியல். இவற்றைப் புரட்டினால் பக்கத்துக்குப் பக்கம் மயிர், குழி, வரி, விளிம்பு. வறட்சியான நூல் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அது அப்படிப் படவில்லை. ஒரு வண்டின் மார்பு விளிம்பு பின்கோணத்துக்கு முன்னால் இலேசாக உள்வளைகிறதா, நேராகவே போகிறதா என்று எழுதுகிறவர், அந்த வளைவை விரும்பாமல் எழுதியிருக்க முடியாது. கேசாதி பாதம் வரை ஒவ்வோர் அங்கமாகத் தங்கித் தங்கிப் பாடுகிற நம் மரபில் வளர்ந்தவர்களுக்கு அந்த நடை அந்நியமாகவும் இராது.

ஆறு புள்ளி வண்டு இன்றும் நம்மோடு இருக்கிறது. ஆனால் அதற்குச் சிறகில்லை என்பதை மறக்கக் கூடாது. ஒரு மேட்டுநிலத்தைச் சுற்றி மதில் எழுந்தால், மனைகளாகக் கல் நட்டுச் சமன்செய்தால், அடுத்த புதருக்குப் பறந்துபோக அதனால் முடியாது. நான்குவழிச் சாலையை நடந்து கடக்க வேண்டும். தைல மரமும் புல்தரையும் வைத்து ஈடுசெய்ய முடிகிற இழப்பும் இல்லை இது. காரையும் களாவும் சருகும் கல்லும் கலந்த அந்தக் கலைந்த தரையேதான் அதற்கு வேண்டும். உங்கள் ஊராட்சியில் அப்படியொரு புதர்மேடு மிச்சமிருந்தால், 'சும்மா கிடக்கிறது' என்று யாரேனும் சொல்லும்போது மறுத்துப் பேசுங்கள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில் டார்ச்சோடு போய்ப் பாருங்கள். முகத்தை அருகே கொண்டுபோக வேண்டாம், கையால் பிடிக்கவும் வேண்டாம். இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் போதும். படம் எடுப்பதானால் மேலிருந்து ஒன்று எடுங்கள், பக்கவாட்டிலிருந்து ஒன்று எடுங்கள். புள்ளிகள் மட்டும் தெரிகிற படத்தைவிட, உணர்கொம்பின் அடியும் பாதத்தின் கணுக்களும் தெரிகிற படம்தான் இனம் காண்பவர்களுக்கு உதவும்.